இரண்டு விரல் இடைவெளி

வெங்காயக் கிடங்கு என்றுதான்
ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்.
கூரை நகரும் என்று சொல்லவில்லை.
வெங்காயத்துக்கு வானம் எதற்கென்று
அவர்களும் கேட்கவில்லை.

பன்றிக்கொட்டில் இருந்த இடம்.
தோண்டத் தோண்ட
ஒரு குதிரை லாடம், கைப்பிடி போன பீங்கான் கோப்பை,
பிறகு கறுப்பு மண்,
இந்தச் சமவெளி முழுக்க இருக்கிற அதே கறுப்பு மண்.
தெப்ரெத்சென் டிராம் பணிமனையில்
இருபத்தாறு வருடம் சக்கரம் பார்த்தவள் நான்.
கழித்துப் போட்ட எட்டுச் சக்கரம்,
இரண்டு இரும்புக் கோணம்,
ஒற்றைக் கையால் தள்ளினால் போதும், கூரை போய்விடும்.
முதல்முறை தள்ளியபோது
ஒர்ஷோயா வீட்டு வாத்துகள்
திருடன் வந்ததாய் ஊரைக் கூட்டின.

தூண்தான் உயிர்.
ஒரு மீட்டர் ஆழம், கம்பி கட்டி, கான்கிரீட்.
சமையலறைப் படியிலிருந்து
ஒரே வார்ப்பாய் வருகிற தரை
அதைச் சுற்றி நிற்கும், தொடாது.
நடுவே இரண்டு விரல் இடைவெளி.
நட்சத்திரம் தூணின் பொறுப்பு,
நாம் தரையின் பொறுப்பு.

கண்ணாடி வாங்கிவர சோல்னோக் போனேன்,
அக்கா இல்கா வீட்டில் மூன்று நாள்.
திரும்பி வந்தால்
இடைவெளியைக் காணவில்லை.
எலி வரும் என்று கெல்லேர்த்
சிமெண்டுக் கலவை குழைத்து அடைத்து,
கரண்டியால் வழித்து,
சாம்பல் வர்ணமும் பூசியிருந்தான்.
பதினொரு வருடமாகச் சமையலறையில்
பெயர்ந்த ஓடு ஒன்றைப் பதிக்காதவன்.
கதவோரம் நின்று
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நேர்த்தியாக இருக்கிறது என்றேன்.
நேர்த்தியாகத்தான் இருந்தது.

அக்டோபரில் முதல் இரவு.
சனி, ஊசி செருகிய பட்டாணி போல.
மூச்சை அடக்கிப் பார்க்கிறேன்,
திடீரென்று நடுங்குகிறது.
ஒரு பெரிய உதறல், ஒரு சின்ன உதறல்.
பெரிது, சின்னது.
பழைய ஏணி முறித்த இடதுகால் அது,
அப்படித்தான் இழுபடும்.
என் கணவன் டீ கொண்டு வருகிறான் என்று
நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
எனக்குத் தகவல் வருகிறது.

அந்த மாதம் முழுக்க
திரும்பாமலே அவனைத் தெரிந்திருந்தேன்.
கோபமாக வருவது, செருப்பில்லாமல் வருவது,
கதவைப் பூட்டினேனா என்று
பாதியில் திரும்பிப் போவது.
ஓரிரவு நடை பாதியிலேயே நின்றது.
சனி அசையவில்லை.
எண்ணினேன், நாற்பது, ஐம்பது.
எல்லா நட்சத்திரமும் ஒன்றுதான் என்பவன்
இருட்டில் தனியாக நின்று எதைப் பார்த்தான்?
கேட்கவில்லை.
பெரிது, சின்னது, பெரிது,
வந்த வழியே போய்விட்டான்.

கேமராவுக்கு இதெல்லாம் புரியாது.
கார்த்திகையை எடுத்தேன்,
எங்கள் ஊரில் அதற்குக் குஞ்சுக்கோழி என்று பெயர்.
குஞ்சுகள் எல்லாம் புழுவாய் நெளிந்திருந்தன.
படத்தை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் உளி சத்தம்.
முழங்கால் போட்டு உட்கார்ந்து
தான் பூசியதைத் தானே கொத்திக்கொண்டிருந்தான்,
இரண்டு விரலை அவ்வப்போது விட்டு அளந்தபடி.
தூசியை வாத்துச் சிறகால் கூட்டினான்.
முன்பே சொல்லியிருக்கலாம், என்றான்.
சொல்லியிருக்கலாம்.

இப்போது குஞ்சுகள் புள்ளி புள்ளியாய் நிற்கின்றன.
நேற்று தோளில் ஒரு கை விழுந்து
நான் அலற,
ஒர்ஷோயாவின் வாத்துகள் அலற,
டீ என் மடியில்.
சிரித்து முடித்து மறுபடி குனிந்தால்
கண்வில்லை முழுக்க மூச்சு படிந்திருந்தது.
இரண்டு பேரின் மூச்சும்.
துடைக்கத் துணி தேடினோம்.